வன்னியில் இருந்துகொண்டு கலாநிதிப் பட்டம் செய்யப் புறப்படுகிறவர்களுக்கு

சமுதாய மருத்துவத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு (பிஎச்.டி.) நான் பதிவு செய்தது 2018இல். ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டது 2025இல். பகுதிநேரமாகச் செய்தால் ஐந்து வருடத்தில் முடிக்கலாம் என்றார்கள்; எனக்கு ஏழு வருடம் போனது. கைக்காசு 11 லட்சம் ரூபாவுக்குக் கிட்டப் போனது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்துகொண்டு இந்தப் பட்டத்தை முடித்த ஒருவரிடம் பேசிவிட வேண்டும் என்று ஆரம்பத்தில் எவ்வளவோ தேடினேன், கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்தவர்கள் அன்பாகத்தான் வழி சொன்னார்கள். ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பஸ் இல்லாத ஊரில் எப்படித் தகவல் சேகரிப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குப் பிறகு வருகிறவர்களாவது தனியாகக் கிடந்து உழலக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வன்னியில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்தேன். உள்ளகப் பயிற்சி முடிந்ததும் சொந்த மாவட்டத்துக்கே வந்து சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனை ஒன்றில் வேலை செய்தேன். எம்.ஓ.எச். ஒப்பீஸ் வேலை என்பது தாய் சேய் கிளினிக், தடுப்பூசி, பள்ளிக்கூடப் பரிசோதனை, டெங்கு, கிணற்றுக்குக் குளோரின் போடுவது என்று நாள் முழுதும் ஓடுகிற வேலை. அதற்குள் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருந்தது. நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் பாரிசவாதம் வந்து கைகால் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். வீட்டில் கேட்டால், "பிரசர் இருந்தது டொக்டர், குளிசையை விட்டிட்டார்" என்பார்கள். ஏன் விட்டார்கள், எத்தனை பேர் விட்டிருக்கிறார்கள், எத்தனை பேருக்கு இருப்பதே தெரியாது? யாரிடமும் பதில் இல்லை. மீளக்குடியேறிய கிராமங்களில் உயர் குருதி அழுத்தமும் சிகிச்சைத் தொடர்ச்சியும் என்பதையே தலைப்பாக எடுத்தேன்.

முதலில், எந்தப் பட்டம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் மருத்துவருக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் எம்.டி. அதில் எம்.எஸ்சி., பிறகு ஆய்வும் எம்.டி. பரீட்சையும், பிறகு வெளிநாட்டுப் பயிற்சி, கடைசியில் நிபுணர் என்று அங்கீகரிக்கும் சபைச் சான்று. அந்த வழியில் போனால்தான் சுகாதார அமைச்சில் சமுதாய மருத்துவ நிபுணராக நியமனம் கிடைக்கும். மற்றது, பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்து பெறும் பிஎச்.டி. அது ஆராய்ச்சிப் பட்டம். ஆசிரியப் பணிக்கும் ஆய்வுக்கும் உதவும், ஆனால் அதை வைத்து மட்டும் நிபுணர் பதவி கிடைக்காது. இந்த வேறுபாடு தெரியாமல் பிஎச்.டி.க்குப் பதிந்து, நடுவழியில் மனம் உடைந்துபோன ஒருவரை எனக்குத் தெரியும். மறுபக்கம், பிஎச்.டி.க்கு மருத்துவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தகுந்த முதல் பட்டமும் முதுமாணியும் உள்ள தாதியர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், புள்ளியியல் படித்தவர்களும் பொதுச் சுகாதாரத்தில் செய்யலாம். பல இடங்களில் முதலில் எம்.ஃபில்.லுக்குப் பதிந்து, வேலையின் தரம் பார்த்துப் பிஎச்.டி.யாக மாற்றுவார்கள். அந்த மாற்றத்துக்கு என்ன வேண்டும், எந்த மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பதிவு செய்யும் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அனுமதிகள். எனக்கு அதிகம் காலம் தின்றது இதுதான். ஆய்வு முன்மொழிவு பல்கலைக்கழக உயர்பட்டப் பீடத்தில் ஏற்கப்பட வேண்டும். பிறகு ஆய்வின் ஒழுக்கநெறியைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டி. பிறகு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், மாவட்டத்துக்குப் பிராந்தியப் பணிப்பாளர். குடும்ப விபரம் எடுக்க மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கடைசியில் கிராம சேவையாளர். ஒன்றின் கடிதம் இல்லாமல் அடுத்தது அசையாது. ஓர் அலுவலகத்தில் என் கோப்பு மாதக்கணக்கில் ஒரு மேசையில் கிடந்தது. கேட்டால், கையெழுத்துப் போடுகிறவர் மாறிவிட்டார், புதியவர் முழுவதையும் வாசிக்க வேண்டும் என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். நான் கண்டுகொண்ட வழி இது: எதிக்ஸ் அனுமதி வந்ததும் மற்ற எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் விண்ணப்பம் கொடுங்கள், முந்தைய கடிதம் வந்தவுடன் அதன் பிரதியைச் சேர்த்துவிடுவதாக ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் அவர்கள் தந்த திகதி முத்திரை உள்ள பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். எதிக்ஸ் அனுமதிக்குக் காலாவதி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். எனக்கு ஒரு வருடத்துக்குத்தான் தந்தார்கள். காலாவதியான பிறகு, புதுப்பிக்காமல் சேர்த்த தகவலை ஆய்வில் பயன்படுத்த முடியாது.

என் எதிக்ஸ் அனுமதி வந்த சில வாரங்களில், 2020 மார்ச் 20இல் கொரோனா ஊரடங்கு வந்தது. நாங்கள் எம்.ஓ.எச். ஒப்பீஸ்காரர், லீவு எல்லாம் ரத்து. தனிமைப்படுத்தல், பி.சி.ஆர்., பிறகு தடுப்பூசி என்று அந்த வருடமும் அடுத்த வருடமும் போயின. 2021 ஓகஸ்டில் டெல்டா அலையில் மறுபடி நாடு மூடப்பட்டபோது ஆய்வை விட்டுவிடுவது என்றே முடிவெடுத்தேன். மகளின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காத நாட்கள் அவை. அந்த நேரத்தில் எனக்கு உதவியது ஒரு சின்ன விசயம்: பல்கலைக்கழகத்தில் பதிவைத் தற்காலிகமாக இடைநிறுத்தும் ஏற்பாடு இருந்தது. அப்படி நிறுத்திய காலம் மொத்தக் கால எல்லையில் சேராது. பேறுகால விடுப்பு, நோய், அனர்த்தம் எதுவானாலும் அதைக் கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, மாதிரிக்கு, அதாவது எத்தனை பேரை ஆய்வுக்கு எடுப்பது என்பதற்கு வருகிறேன். ஒரு நோய் எத்தனை வீதம் என்று தெரியாதபோது 50 வீதம் என்று எடுத்து, 95 வீத நம்பிக்கை, 5 வீதப் பிழை எல்லை வைத்தால் 384 பேர் வரும். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் நாங்கள் வன்னி முழுவதும் ஒவ்வொரு வீடாகக் குலுக்கல் முறையில் தேட முடியாது. கிராம சேவையாளர் பிரிவுகளைக் கொத்தணிகளாக எடுத்து, அதற்குள் வீடுகளைத் தெரிவோம். ஒரே ஊரவர் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஒரு கொத்தணியில் 20 பேர், ஊருக்குள் உள்ள ஒற்றுமைக் குணகம் 0.05 என்றால், 1 உடன் 19 தடவை (20இல் ஒன்று குறைய) 0.05ஐக் கூட்ட 1.95 வரும். அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 768 பேர். மறுப்பவர்களுக்கும் வீட்டில் இல்லாதவர்களுக்கும் சேர்த்து 43 கொத்தணி, 860 பேர் என்று வைத்தேன். மாதிரியைத் தெரியும்போது சேர்த்த இந்தக் கொத்தணி விளைவைப் பகுப்பாய்விலும் சேர்க்க வேண்டும். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) முதல் கேள்வியே அதுதான்.

கணக்கு கடுதாசியில் அழகாக வந்தது. வீடுகள் அப்படி வரவில்லை. வாக்காளர் இடாப்பும் விதானையாரின், அதாவது கிராம சேவையாளரின், குடும்பப் பட்டியலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. காணிக்காக இங்கே பதிந்துவிட்டு வவுனியாவில் வாடகைக்கு இருக்கிற குடும்பங்கள் உண்டு. பட்டியலில் பேரே இல்லாமல் தாய்வீட்டு வளவுக்குள் கொட்டில் போட்டு இருக்கிற இளம் குடும்பங்களும் உண்டு. குடும்பத் தலைவர் என்று பேர் இருக்கும், போய்க் கேட்டால் அவர் 2009க்குப் பிறகு வீட்டுக்கு வரவேயில்லை என்பார்கள். குடும்ப நல உத்தியோகத்தரிடம் (வீடு வீடாகப் போகும் மருத்துவமாதுவிடம்) உள்ள பதிவேடுதான் உண்மைக்கு மிகக் கிட்டவாக இருந்தது. எந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று அந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அவர்களோடு இருந்து, தெரிவான ஒவ்வொரு பிரிவிலும் வீட்டுப் பட்டியலைப் புதிதாக எழுதிய பிறகே வீடுகளைத் தெரிந்தேன். அதற்குப் போன வாரங்களை நட்டம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. உங்கள் கால அட்டவணையில் பட்டியல் புதுப்பிப்பதற்கென்றே தனியாக நேரம் ஒதுக்குங்கள், அதைச் செய்கிறவர்களுக்குக் காசும் ஒதுக்குங்கள்.

வன்னிக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் விதைப்பு, மழை. கார்த்திகை, மார்கழியில் பல உள்வீதிகள் வெள்ளத்தில் மூடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நாட்களை எங்கள் ஊர்க்காரர் யாரும் மறக்கவில்லை. தை, மாசியில் காலபோக அறுவடை. வீடுகளில் பிள்ளைகளும் கிழவிகளும் மட்டும் இருப்பார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஆவணியில் மடு மாதா திருவிழா. அந்தக் கிழமைகளில் யாரையும் பிடிக்க முடியாது. பங்குனி, சித்திரையும் பிறகு ஆடிக்குப் பிந்திய சில வாரங்களும்தான் நல்ல காலம். நாளிலும் காலை எட்டுக்கு முன் அல்லது பின்னேரம் நாலுக்குப் பின். ஆனால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருட்டினால் ரோட்டில் யானை நிற்கும். ஆகவே பின்னேர வேலை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். பெண் பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறவர்கள் இருட்டுமுன் அவர்களை வீட்டில் கொண்டுபோய் விடும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். கண்ணிவெடி அகற்றல் முடியாத பகுதிகளில் ஊரவர் நடக்கும் பாதையை விட்டு விலகக் கூடாது என்பதை எத்தனை தரமும் சொல்லலாம்.

தகவல் சேகரிக்க நான் ஆயத்தமானது 2022இன் தொடக்கத்தில். அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஜனவரியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூன் 26இல் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். மல்லாவிப் பக்கத்துக் கொத்தணி ஒன்றுக்குப் போய்வரவே அது போதாது. எனக்குக் கிடைத்த சிறிய ஆய்வு உதவித்தொகை, டொலர் 200 ரூபாவாக இருந்த காலத்தில் போட்ட வரவுசெலவுத் திட்டத்துக்கானது. டொலர் 360க்குப் போனபோது அந்தத் தொகையால் பிரசர் பார்க்கும் கருவிகளும் பற்றரிகளும் வாங்கத்தான் முடிந்தது. தகவல் சேகரிப்பவர்களின் நாட்கூலி, எரிபொருள், சாப்பாடு எல்லாம் என் சம்பளத்திலிருந்து. நகையில் ஒரு பகுதியை அடகு வைத்தேன். கணவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதுவே எனக்கு மேலும் பாரமாக இருந்தது. நிதி கேட்பவர்களுக்குச் சொல்வது: தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை, உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதி மூன்றின் விண்ணப்பக் காலத்தையும் முதல் வருடத்திலேயே பார்த்துவிடுங்கள். போக்குவரத்துக்குத் தனி வரி போடுங்கள்; யாழ்ப்பாண நகரத்தில் செய்யும் ஆய்வின் வரவுசெலவைப் பார்த்து எழுதினால் இங்கே பாதிக்கும் காணாது. தகவல் சேகரிப்பவர்களை அந்தந்தப் பகுதியிலேயே எடுத்தேன், சைக்கிளில் போகக்கூடிய தூரத்துக்குள் கொத்தணிகளைப் பிரித்துக் கொடுத்தேன். அதனால்தான் வேலை 2023 தொடக்கத்திலாவது முடிந்தது.

இனி வீடுகளுக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆய்வு முறையியல் வகுப்பு எதிலும் இது வராது. எங்கள் சனங்களிடம் எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். முகாமில் பதிவு, மீளக்குடியேறப் பதிவு, வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு, நிறுவனங்களின் ஆய்வு. விசுவமடுப் பக்கத்தில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "பிள்ளை, இதுக்கு முதல் வந்தவையும் எல்லாம் கேட்டுத்தான் எழுதினவை. எழுதினதை என்ன செய்தவை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன். இந்த ஆய்வின் முடிவை இந்த ஊருக்கே வந்து சொல்வேன் என்றும் சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, "அப்ப இருங்கோ" என்றார்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து என்றதும் பலர் பின்வாங்கினார்கள். சமுர்த்தி உதவிப்பணம் வெட்டுப்படுமோ, காணிக்குப் பிரச்சினை வருமோ என்ற பயம். வேறு சிலர், கையெழுத்துப் போட்டால் உதவி வரும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டையும் முதலிலேயே உடைத்துப் பேச வேண்டும்: இதனால் எதுவும் கிடைக்காது, எதுவும் இல்லாமலும் போகாது, வேண்டாம் என்றால் வேண்டாம். விதானையாரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். வழி காட்டலாம், படலையோடு அவர் நின்றுவிட வேண்டும். அவர் பக்கத்தில் நின்றால் யாரும் மறுக்க மாட்டார்கள், அது சம்மதம் ஆகாது. இதே காரணத்துக்காக நான் வேலை செய்யும் பிரிவை ஆய்விலிருந்து விலக்கினேன். தடுப்பூசி போடும் டொக்டரிடம் எந்தத் தாய்தான் முடியாது என்பாள்?

நான் எதிர்பாராதது வேறொன்று. வினாக்கொத்தின் முதல் பக்கத்தில் சாதாரணமான கேள்வி: வீட்டில் எத்தனை பேர்? ஒரு தாய் ஐந்து என்றார். யார் யார் என்று எழுதும்போது நாலு பேர்தான் வந்தார்கள். ஐந்தாவது, காணாமல் போன மகன். இன்னொரு வீட்டில் அந்தக் கேள்வியோடு பேச்சே நின்றுவிட்டது. பிரசர் பார்க்கப் போன இடத்தில் அழுகையை என்ன செய்வது? அழுது முடிந்து ஐந்து நிமிடம் அமைதியாக இருக்காமல் பிரசர் பார்த்தால் அளவும் பிழைக்கும் என்பது வேறு விசயம். என்னோடு வேலை செய்த பிள்ளைகளும் இதே ஊர்களில் வளர்ந்தவர்கள். சிலரின் வீட்டிலும் அதே இழப்பு. ஒருத்தி மூன்றாம் கிழமையோடு வர முடியாது என்று சொல்லிவிட்டாள். அவளைப் பிழை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு ஒழுங்கை மாற்றினோம். குருதி அழுத்தத்தை முதலில் அளந்தோம், மூன்று தரம் எடுத்துக் கடைசி இரண்டின் சராசரி. குடும்ப விபரத்தைக் கடைசிக்குத் தள்ளினோம். ஒருவர் கதைக்கத் தொடங்கினால் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்பது, அவசரப்படுத்தாமல் இருப்பது, விரும்பினால் மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குத் தொடர்பு ஏற்படுத்துவது என்று பழகினோம். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ. 9 பயன்படுத்துகிறவர்கள் கவனியுங்கள்: ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றியது. ஆம் என்று பதில் வந்தால் அன்றைக்கே யாரிடம் அனுப்புவது என்ற ஏற்பாடு இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. தகவல் சேகரிப்பவர்களுக்குக் கிழமையில் ஒரு நாள் ஓய்வும், கூடியிருந்து பேச ஒரு பின்னேரமும் கட்டாயம் கொடுங்கள். அதற்கும் கூலி கொடுங்கள்.

அடுத்தது, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பது. 140/90க்கு மேல் இருந்தால் கடிதம் கொடுத்து அருகிலுள்ள கிளினிக்குக்கு அனுப்புவது, 180/110க்கு மேல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி என்று முன்மொழிவில் எழுதியிருந்தேன். அக்கராயன் பக்கத்தில் ஒருவருக்கு 210/120. தலையிடி, அவ்வளவுதான் என்றார். கையில் பழைய கிளினிக் கொப்பி இருந்தது, கடைசிப் பதிவு ஒன்றரை வருடத்துக்கு முந்தியது. ஏன் விட்டீர்கள் என்றேன். "கிளினிக் நாளில வயலுக்குப் போகாட்டி ஒரு நாள் கூலி போயிடும், பஸ்ஸும் ஒண்டுதான், போனா மருந்து வெளியில வாங்கு எண்டு எழுதித் தருவினம்." 2022இல் மருந்துத் தட்டுப்பாடு இருந்தது உண்மை. இந்த ஒரு பதிலுக்குள் என் ஆய்வின் பாதி இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் தேவைப்பட்டது ஆட்டோ. அது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இல்லை. எங்களிடம் இருந்த எரிபொருளில்தான் அவரைக் கொண்டுபோனோம். தகவல் சேகரிப்பவரிடம் அவசரப் போக்குவரத்துக்கென்று ஒரு தொகை எப்போதும் இருக்க வேண்டும், அதை முன்மொழிவிலேயே எழுதி எதிக்ஸ் கமிட்டியிடம் காட்டுங்கள். கடிதம் கொடுத்து அனுப்பியவர்கள் உண்மையில் போனார்களா என்றும் பின்தொடருங்கள். நான் பின்தொடர்ந்தபோது கணிசமானவர்கள் போகவில்லை என்று தெரிந்தது. பிறகு அந்தப் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னதால் பலர் போனார்கள். அந்த உத்தியோகத்தர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது.

தகவல் சேகரிப்பு முடியும் தறுவாயில், 2022 கடைசியில், என் பிரதான மேற்பார்வையாளர் நாட்டை விட்டுப் போனார். அந்த வருடம் எத்தனையோ வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் போனார்கள். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. ஆனாலும் கைவிடப்பட்டது போலவே உணர்ந்தேன். புதிய மேற்பார்வையாளரைப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்க மாதங்கள் சென்றன. வந்தவர் முதல் இரண்டு அத்தியாயங்களையும் மாற்றி எழுதச் சொன்னார். மேற்பார்வையாளர் ஒருவர் போதாது. இருவரைத் தொடக்கத்திலேயே பதியுங்கள், அதில் ஒருவர் புள்ளியியல் தெரிந்தவராக இருந்தால் நல்லது. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் என்ன பேசினோம், என்ன முடிவு என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். அந்த மின்னஞ்சல்கள் இருந்ததால்தான் கொத்தணி எண்ணிக்கையையும் வினாக்கொத்தையும் முன்பே ஒப்புக்கொண்டது என்று புதியவருக்குக் காட்ட முடிந்தது.

மென்பொருளுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. தகவல் பதியும் கோபோ டூல்பொக்ஸ் கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், வன்னிக்கு இதைவிட நல்லது இல்லை. பகுப்பாய்வுக்கு ஆர் (R), உசாத்துணை ஒழுங்குக்கு சொட்டெரோ எல்லாமே இலவசம். கட்டுரைகளைப் படிக்க உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி திட்டம் இருக்கிறது, உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். எழுதும்போது, இப்படியான அவதானிப்பு ஆய்வுகளுக்கென்று உள்ள ஸ்ட்ரோப் சரிபார்ப்புப் பட்டியலின் 22 விடயங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பரீட்சகர் கேட்பதில் பெரும்பகுதிக்குப் பதில் ஏற்கெனவே இருக்கும். கட்டுரை வெளியிடும் கட்டத்தில் மின்னஞ்சலுக்குப் புகழ்ந்து எழுதி, மூன்று நாளில் பிரசுரிப்போம், டொலரில் கட்டுங்கள் என்று கேட்கும் சஞ்சிகைகளைத் திரும்பியும் பார்க்காதீர்கள். என்னோடு படித்த ஒருவர் கட்டிய பணமும் போய், அந்தக் கட்டுரையைப் பல்கலைக்கழகமும் ஏற்கவில்லை. சிலோன் மருத்துவச் சஞ்சிகை 1887 முதல் வருகிறது. சமுதாய மருத்துவர் கல்லூரிக்கும் சஞ்சிகை உண்டு. நம் நாட்டு நோயை நம் நாட்டு வைத்தியர் வாசிக்கும் இடத்தில் வெளியிடுவதில் எந்தக் குறைவும் இல்லை. யார் பெயர் முதலில், யார் பெயர் சேரும் என்பதைத் தகவல் சேகரிக்கத் தொடங்குமுன் எழுத்தில் பேசி முடியுங்கள்.

வைவாவில் ஒரு பரீட்சகர் கேட்டார், 2022இல் எடுத்த தகவல் சாதாரண வருடத்துக்குப் பொருந்துமா என்று. மருந்து இல்லை, பெற்றோல் இல்லை, 2021இல் இரசாயனப் பசளை நிறுத்தியதால் விளைச்சலும் இல்லை. பொருந்தாது என்றுதான் சொன்னேன். ஆனால் தட்டுப்பாட்டுக்கு முன்பே குளிசையை விட்டவர்களைக் கிளினிக் கொப்பியின் திகதியை வைத்துத் தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தேன், அதை அவர் ஏற்றுக்கொண்டார். களத்தில் நோயாளியின் கொப்பியைப் பார்த்து, கடைசியாக கிளினிக் போன திகதியைப் பதியுங்கள். வாயால் கேட்டால் எல்லோரும் போன மாதம் என்றுதான் சொல்வார்கள்.

முடிவுகளை முதலில் கொண்டுபோனது பிராந்தியப் பணிமனைக்கு, பிறகு ஊர்களுக்கு. பொதுநோக்கு மண்டபத்தில், பள்ளிக்கூடத்தில், ஓரிடத்தில் கோயில் மடத்தில் வைத்துச் சொன்னோம். புள்ளிவிபரம் ஒன்றும் இல்லை: பத்துப் பேரில் எத்தனை பேருக்கு இருக்கிறது, எத்தனை பேருக்குத் தெரியாது, ஏன் விடுகிறார்கள். விசுவமடு அம்மாவின் ஊரில், கிளினிக்கை அறுவடைக் காலத்திலாவது பின்னேரத்துக்கு மாற்ற முடியாதா என்று ஆண்கள் கேட்டார்கள். அதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுத்தேன். ஒரு பிரதேச வைத்தியசாலையில் மட்டும் இப்போது மாதத்தில் ஒரு தரம் பின்னேரக் கிளினிக் நடக்கிறது, மற்ற இடங்களில் ஆளணி இல்லை என்கிறார்கள். அதற்காகத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊருக்குப் போய் முடிவு சொல்லும் செலவையும் வரவுசெலவுத் திட்டத்தில் போடுங்கள். மைக், தேத்தண்ணி, வாகனம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். நான் எழுதிய அனுமதிக் கடிதங்கள், சம்மதப் படிவம், வீட்டுப் பட்டியல் மாதிரி எல்லாம் பெயர்களை எடுத்துவிட்டு ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். வன்னியில் ஆய்வு தொடங்குகிற யாருக்கும் அதைக் கொடுப்பேன்.